வண்டியில் ஒட்டிய பெயர்

என் அவசரக்கார அருளுக்கு,

உன் அம்மா முன்னால் 'நீங்க', நம் அறைக்குள் 'நீ'. அதுதானே நமக்குள் ஏற்பாடு? இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், ஊரே படிக்கப் போகிறது. இருந்தாலும் நீ என்றுதான் எழுதுவேன். ஏழு மாசக் கர்ப்பத்தில் என்னை இப்படி விட்டுவிட்டுப் போனவனுக்கு மரியாதை ஒரு கேடா?

உனக்கு மகன் பிறந்திருக்கிறான். மூன்று மாதம் ஆகிறது. மூக்கு உன்னுடையது, கோபம் என்னுடையது.

ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்லவே மாட்டார்கள். நீயோ அஞ்சாம் மாசமே செல்போனைப் பார்த்துப் பெயரை முடிவு செய்துவிட்டாய். "ஃபெலிக்ஸ்னு வெப்போம்டி. ரோமாபுரிப் பேரு. அதிர்ஷ்டசாலின்னு அர்த்தம்" என்றாய். மறுநாளே பூந்தமல்லி ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கி, உன் கையாலேயே பைக்கின் பின்னால் ஒட்டினாய். "பொறக்காத புள்ளைக்கு யார்னா பேரு வெப்பாங்களாடா?" என்று அத்தை கத்தினார். நீ சிரித்தாய். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்புறம் நசரத்பேட்டையில் அந்த லாரி.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி திரும்பி வந்தபோது முன்பக்கம் முழுக்க நசுங்கிக் கிடந்தது. பின்னால் அந்தப் பெயரில் மட்டும் ஒரு கீறல் இல்லை. "இந்தப் பேருதான் எம் புள்ளைய முழுங்கிச்சு. இத்த வெச்சா நான் கோயிலுக்கே வரமாட்டேன்" என்றார் அத்தை. உன் பெயரையே பேரனுக்கு வைக்கச் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அப்பன் முகம் பார்க்காத பிள்ளையை எந்த வாயால் அதிர்ஷ்டசாலி என்று கூப்பிடுவது?

வியாழக்கிழமை ஞானஸ்நானத்துக்கு எழுதிக் கொடுக்கக் கோயில் ஆபீசுக்குப் போனேன். "ஃபெலிக்ஸ்னுதானேம்மா உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டிருந்தாரு?" என்று ஃபாதர் கேட்டார். அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய், ஓட்டைவாய். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அப்பா இல்லாத குழந்தைக்கு அந்தப் பெயரா என்று கேட்டுவிட்டேன்.

அவர் லத்தீன் படித்தவர். அந்தக் காலத்து ரோமில் போரில் ஜெயித்த தளபதி அந்தப் பெயரைப் பட்டம்போலச் சேர்த்துக்கொண்டதும் உண்டாம். "ஆனா அடிமைங்களுக்குத்தாம்மா அதை ரொம்ப வெச்சிருக்காங்க. சந்தையில வாங்கிட்டு வந்தவனுக்கு எஜமான் வைக்கிற பேரு அது. அவனுக்கு என்ன அதிர்ஷ்டம் இருந்துச்சு, சொல்லுங்க?" என்றார். அதிர்ஷ்டமே இல்லாதவனுக்கும் அந்தப் பெயர் உண்டு என்று ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. ஊர் பேர் தெரியாத இடத்தில் விற்கப்பட்டு, அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவனை நினைத்துக்கொண்டே வந்தேன். விண்ணப்பத்தில் பெயர்க் கட்டம் மட்டும் காலி.

வீட்டில் அத்தையிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தொட்டிலை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நானத்தன்று காலையில் அவரைக் காணோம். தேடிப் போனால், மாடிப்படிக்குக் கீழே வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையால் உன் ஸ்டிக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரம் லேசாக எழும்பியிருந்தது. பிய்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். நான் நிற்பது தெரியாத மாதிரியே இருந்துவிட்டார்.

கோயிலில் ஃபாதர் பெயர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தை குரல்: "ஃபெலிக்ஸ், ஃபாதர். எம் புள்ள ஆசையா ஒட்டிட்டுப் போச்சு. இருந்துட்டுப் போவட்டும்."

தலையில் தண்ணீர் பட்டதும் உன் மகன் வீறிட்டு அழுதான். நாங்கள் இரண்டு பேரும் அதைவிட மோசம்.

இப்போதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது நெஞ்சில் சுருக்கென்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். பழகுமா, அருள்?

வண்டியை அடுத்த வாரம் பழைய இரும்புக்குப் போடுகிறோம். ஸ்டிக்கர் ஒட்டிய தகட்டை மட்டும் அத்தை கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். ஒருநாள் இவன் அர்த்தம் கேட்பான். 'நீ அதிர்ஷ்டசாலி' என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 'உன்னைப் பார்க்கும் முன்பே உன் அப்பாவுக்கு இருந்த ஆசை இது' என்று சொல்வேன். நீ வைத்த பெயர் இவனோடு இருக்கும். ஆனால் இனி எந்த வண்டியிலும் அதை ஒட்ட விடமாட்டேன். இது சத்தியம்.

உன் பொண்டாட்டி,
ஃபெலிக்ஸின் அம்மா,
ஸ்டெல்லா