சாம்பாரில் இரண்டு கை உப்பு

அன்பு மகள் தமிழ்மொழிக்கு, சிறுவாச்சூரிலிருந்து அம்மா வேம்பு எழுதுவது. காளியம்மா புண்ணியத்தில் நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் அறிவரசனும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பையனுக்குச் சளி விட்டதா? அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண்ணில் இப்போது நன்றாகத் தெரிகிறது, தெரிந்ததும் முதல் வேலையாக என் புடவையில் கறை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். தினமும் போன் பேசுகிறோமே, எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் சமைப்பாய், மாப்பிள்ளை காதிலும் விழும். அதோடு நீ “மெஸ்ஸு எப்படிம்மா போவுது” என்றதுமே என் வாய் தானாக “சூப்பரா போவுது” என்று சொல்லிவிடுகிறது. போன வாரம் நீ, ஆபீசில் கிளாஸ் எடுக்கும்போது எங்கம்மா தன் பொறுப்பைச் சின்னப் பெண்ணிடம் விட்டுக்கொடுத்துப் பழக்கிவிட்டாள் என்று என் கதையைச் சொன்னதாகவும் எல்லாரும் கை தட்டியதாகவும் சொன்னாய் இல்லையா, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கதையை இனி யாருக்கும் சொல்லாதே ஆயி. அது நடக்கவில்லை.

சித்திரையில் நீ லீவுக்கு வந்தபோது நம் மகளிர் குழு நடத்துகிற ரோட்டோர மெஸ்ஸில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னதை நான் மறக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியின் கேண்டீன் நமக்குக் கிடைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு அடுப்படி ஓட வேண்டும், நான் ஒருத்தி இரண்டு இடத்தில் நிற்க முடியாது, இன்னொருத்தியைப் பழக்கினால்தான் ஆகும் என்று குழுவைப் பார்த்துக்கொள்கிற மேடமும் சொன்னார். “எல்லாரும் எல்லா வேலையும் பழகணும்மா, வெள்ளிக்கிழம பொறுப்ப சத்யப்பிரியாகிட்ட குடு, நீ பாத்துக்கிட்டு மட்டும் இரு” என்றாய். எல்லார் முன்னாலும் சரி என்றேன். என் மகள் பெரிய அதிகாரிகளுக்கே, வேலை மாறினால் நாம் எப்படி மாறிக்கொள்வது என்று பாடம் நடத்துகிறாள் என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னவள் நான். நீ பஸ் ஏறிப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சத்யப்பிரியாவுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை, உப்பு ஜாடி என் பக்கத்தில். கோயில் திறக்கிற திங்கள், வெள்ளியில் நம் மெஸ்ஸில் அம்மன் படத்துக்குப் படைக்காமல் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டோம், உப்பு கையளவு கண்ணளவுதான். அதனால் உப்புப் போடுகிறவள்தான் அடுப்படிக்குத் தலைவி, அந்த இடத்தை விட எனக்கு மனசு வரவில்லை.

ஆடி முதல் வெள்ளி, சாப்பிட்டுப் பார்த்துக் கேண்டீனை முடிவு செய்யட்டும் என்று கம்பெனி மேனேஜரை மேடம் அழைத்து வந்தார். அன்றைக்கு சத்யப்பிரியாதான் சமைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிச்சைமுத்து வேனில் இலைக்கட்டு கொண்டுவந்தான் என்று நான் வாசலுக்குப் போய்விட்டு உள்ளே வந்தேன். அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் போட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒரு எட்டில்தான் நின்றாள். கேட்கவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்ததாகத்தான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, என் கை படாமல் ஒரு சாம்பார் நம் மெஸ்ஸிலிருந்து போகக்கூடாது என்றுதான் ஒரு கை அள்ளிப் போட்டேன். படையல் போட்டுப் பந்தி வைத்தால், மேனேஜர் முதல் வாயிலேயே தண்ணீரைத் தேடினார். மேடம் சத்யப்பிரியாவைப் பார்த்தார். “அளவாத்தான் போட்டேன் மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் “சின்னப் பொண்ணு, போவப் போவ பழகிக்குவா” என்றேன். வேம்புக்கு எவ்வளவு பொறுமை என்று எல்லாரும் என்னைத்தான் மெச்சினார்கள். உப்பள்ளிப் போட்டதைவிட அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தின்கிறது.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை, தையல் கம்பெனிக்குப் போகப் போகிறாள் என்று பிச்சைமுத்து சொன்னான். அவள் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன்னே “எனக்குத் தெரியும் பெரியம்மா, ஒங்க வெரல்ல உப்பு ஒட்டியிருந்துச்சு” என்றாள். ஏண்டி அப்போதே சொல்லவில்லை என்றேன். “சொன்னா யாரு நம்புவா, வேம்பு கைப்பக்குவம்னுதான வண்டிய நிறுத்துறாங்க” என்றாள். அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். சாமிக்கண்ணு பெண்சாதி “நல்லவேளக்கா, மூணாவதா யாரும் வந்து போடல” என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், சத்யப்பிரியா சிரிக்கவில்லை. மேடம் மேனேஜரிடம் கெஞ்சி இன்னொரு வெள்ளி வாங்கித் தந்தார். படையல் முடிகிறவரை பெரியம்மா அடுப்படிக்குள் வரக்கூடாது, அதற்குச் சம்மதித்தால் நான் வருகிறேன் என்று சத்யப்பிரியா சொன்னாள், ஒத்துக்கொண்டேன்.

நேற்றுதான் அந்த வெள்ளி. நான் வெளியில் இலை போட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்திச் சோறு போட்ட வீட்டு ஆட்கள் இன்று நம் மெஸ்ஸில் உட்கார்ந்து என் பேரைச் சொல்லிக் குழம்பு கேட்கிறார்கள், அந்தப் பேரை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம், அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். மேனேஜர் சோற்றைப் பிசைந்தார். அந்த நேரத்தில் தமிழ், அவர் இலையைத் தள்ளிவிட மாட்டாரா என்று என் மனசு நினைத்தது. வளர்த்துவிட வேண்டிய பெண் தோற்கட்டும் என்று உன் அம்மா நினைத்தாள். அவர் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார். எனக்குச் சந்தோஷம் வந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

கேண்டீன் ஆவணியில் ஆரம்பம். அங்கே சத்யப்பிரியாதான் பொறுப்பு, யாரை எந்த வேலையில் போடுவது என்பதும் அவள் முடிவு, நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவள் என்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுகிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பதில்லை. நீ அவளுக்குப் போன் போட்டு எனக்காகப் பேசிவிடாதே. உன் மேல் உள்ள மரியாதைக்காக உடனே சரி என்று சொல்லிவிடுவாள், அப்படி வருகிற சரி எனக்கு வேண்டாம். அவளாகக் கேட்கிற அன்றைக்குக் கேட்கட்டும், அதுவரை இலை போடுகிறேன்.

பேரனைக் குளிர்ந்த தண்ணீரில் ஆடவிடாதே, மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். காளியம்மா உங்கள் மூவரையும் நோய் நொடி அண்டாமல் காக்கட்டும். தீபாவளிக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு, கடைசியில் கிடைக்காது.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா வேம்பு