ஜரிகைப் பூனைக்கு, அப்பா படித்துச் சொல்லவும்

ஜரிகைக் கண்ணு,

உன் அப்பாவும் அம்மாவும் நேற்று மாலையிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் சீட்டு உனக்கு. பூனைக்குப் படிக்க வராது. அவரே படித்துக் காட்டட்டும்.

அம்மா வாலாஜாபாத்தில் ஒரு வளைகாப்புக்குப் போகிறாள். அடுப்பின்மேல் இருக்கும் கத்திரிக்காய்க் குழம்பு அவருக்கு. பிரிட்ஜில் இருக்கும் வேகவைத்த நெத்திலி உனக்கு. போன தடவை மாதிரி அதை அவர் தாளித்துத் தின்றுவிடக் கூடாது.

தெருவில் கதிர்வேல் அண்ணன் தறிக்கான பட்டுப் பாவு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டியிருக்கிறார். அதைச் சுருட்டும்வரை, நீ எவ்வளவு கத்தினாலும் அப்பா கதவைத் திறக்கக் கூடாது. போன வாரம் "பாவம்மா, கத்திக்கினே இருக்குது" என்று அவர் திறந்துவிட்டார். நீ நேராகப் போய்ப் பாவில் ஊஞ்சல் ஆடினாய். உன் நகத்திலிருந்து இழையைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. திட்டு வாங்கியது மட்டும் அம்மா.

நேற்று அம்மா மழையில் நின்று கால் மணி நேரம் கதவைத் தட்டினாள். "தறி சத்தத்துல கேக்கலம்மா" என்றார் உன் அப்பா. அதே தறியில் இருக்கும்போது நீ ஒரே ஒரு 'மியாவ்' சொன்னால் போதும், எழுந்து ஓடிவருகிறார். சண்டை இதுதான், வேறொன்றுமில்லை.

பால் காய்ச்சி வைத்திருக்கிறது. குழம்பில் அவருக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றலும் போட்டிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று: அம்மா சாவி எடுத்துப்போகவில்லை. ஆறு மணிக்கு வாசலில் 'மியாவ்' என்று சத்தம் கேட்கும். நீ அவர் மடியிலேயே படுத்திருந்தாலும், ஓடிவந்து திறக்கச் சொல்.