உறங்குகிற மேடு

ரிவர்ஸ்டன்
8.12.1964

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். வாப்பாவின் இருமல் குறைந்ததா? இங்கே பனிமூட்டம்தான், வேறு குறையில்லை.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதீர்கள். போன கிழமை தேயிலைத் தோட்டப் பள்ளியில் எரிமலைப் பாடம் நடத்தினேன். பூமிக்குள் உருகிய பாறை மக்மா, வெளியே வழிந்தால் லாவா. நெடுங்காலம் அடங்கிக் கிடப்பது உறங்கும் எரிமலை, இனி வெடிக்கவே வெடிக்காதது இறந்த எரிமலை என்றேன்.

மறுநாள், போன வருஷ மழையில் மண் சரிந்த மேட்டைப் பிள்ளைகள் காலோசையில்லாமல் கடந்தார்கள். என் வகுப்புப் பிள்ளை மார்ஜரி என் சேலையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுடைய அம்மா அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறாள். உடலை எடுக்க முடியவில்லை.

"செருப்ப கழட்டுங்க டீச்சர், முழிச்சிக்கப் போவுது."

"இது எரிமலை இல்ல புள்ள. உள்ள நெருப்பே கிடையாது."

"சரிங்க டீச்சர். அப்ப இது தூங்குதா, செத்துருச்சா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

இப்போது தனியாகப் போகும்போதும் கழற்றிவிடுகிறேன். கல் குத்துகிறது. கலேவெல சந்தையில் சத்தம் போடாத ரப்பர் செருப்பு கிடைத்தால் அனுப்புங்கள். துஆச் செய்யுங்கள், உம்மா.

தபால் கொண்டுபோகும் பஸ் வருகிறது. மேட்டருகே ஹோன் அடிக்க வேண்டாமென்று டிரைவரிடம் சொல்ல ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
ஸுலைஹா