விற்ற பாய்

மார்ச் 4, திங்கள்

ஹோட்டல் வரவேற்பு வேலையை விட்டு வந்து ஒரு மாதமாகிறது. அம்மாவின் தீவிலிருந்து தாழை ஓலைப் பாய் வரவழைத்து ஆன்லைனில் விற்கிறேன். ஆனால் இந்த நௌசோரி ஊரில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் நான் சும்மா வீட்டில் இருப்பவள். இன்று பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். "நீ போனைத்தானே நோண்டிட்டிருக்கே அசெனாதா, கொஞ்சம் பாத்துக்கோ." பாய்ப் படம் ஏற்றிக்கொண்டிருந்தேன் அம்மா தாயே! போனைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 7

காலையிலிருந்து மழை. இணையம் இல்லை. படம் எடுக்க விரித்த பாயில் நாய் படுத்து எழுந்து போயிருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

கடைசியில் ஒரு பெரிய ஆர்டர்! சிட்னியில் இருக்கும் உலாமிளா என்ற நம் ஊர்ப் பெண். மகள் கல்யாணத்துக்கு விரிக்க ஐந்து பாய், ஓரத்தில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் வைத்து. அவருடைய சபைப் பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கல்யாணத்தில் உட்காரப் போகிறவர்கள். இது சரியாகப் போனால் நான் பிழைத்தேன். இல்லையென்றால் ஈஸ்டர் முடிந்ததும் பழைய மேசைதான். அதுவரை என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக ஹோட்டல் மேலாளர் சொல்லியிருக்கிறார். அந்த நல்ல மனசே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

பெரியப்பா போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டுக்குப் பாய் இல்லாமல் போக முடியாது. எனக்குத் தெரியாதா? ஆனால் நனிசே அத்தை நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். அப்பாவின் அக்கா; அவர் சொன்னால் இந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. சிட்னிக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்தார்.

"பாய்தானே?"

"வித்தாச்சு அத்தை."

"வித்திருந்தா உன் வீட்ல ஏன் இருக்கு?"

 என் கணவன் சக்கியுசாவைப் பார்த்தேன். அந்த மகராசன் தரையைப் பார்த்துக்கொண்டே போய்க் கத்தியை எடுத்து வந்து மூட்டையின் கயிற்றை அறுத்தான்.

மார்ச் 21

அடக்கம் முடிந்தது. ஐந்து பாயையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு அழுகை அடங்கவில்லை. பெரியப்பாவுக்காக என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அவருக்காகவும்தான்.

மார்ச் 23, சனி

உலாமிளாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். திட்டுவார், கடையின் இணையப் பக்கத்தில் நாலு பேர் பார்க்கக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். பதில் வந்தது: "சாவுக்குப் போனதை யார் கேக்க முடியும்? எங்க பேர்லயும் ஒரு பாய் வெச்சதா நினைச்சுக்கறேன். பொண்ணுக்கு எதையாவது விரிச்சுக்கறேன், நீ கவலைப்படாதே."

திட்டியிருக்கலாம். எதையாவது என்றால் எதை? ஓலை வெட்டி, காய வைத்து, பின்னி — புதுப் பாய்க்கு இனி நேரமே இல்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் முறைப்படி நடக்கிறார்கள், நாசமாய்ப் போவது என் பிழைப்பு மட்டும்.

மார்ச் 25, திங்கள்

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். டீத்தூளும் சீனியும் வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "அத்தை, கெரெகெரே. உங்க மெத்தைக்கு அடியில இருக்கிற அஞ்சு பாயும் எனக்கு வேணும்."

கெரெகெரே என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்வது அசிங்கம். என்னிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! கடை தொடங்கியதிலிருந்து நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. முதலாளி ஆனவள் கேட்கலாமா என்று ஒரு திமிர்.

அத்தை முகம் சுருங்கியது. "அது ஜோனே கல்யாணத்துக்கு வெச்சது."

"உங்க பையனுக்கு நாப்பது வயசாச்சு அத்தை."

"அதனால? விக்கவா கேக்கறே?"

"ஆமா."

டீத்தூளையும் சீனியையும் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "மெத்தையை அந்தப் பக்கம் பிடி" என்றார். ஐந்தும் அவரே பின்னியவை. கொடுக்கும்போது ஒன்றின் குஞ்சத்தை விரலால் கோதிக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 26

விமானத்தில் அனுப்பியாகிவிட்டது.

ஏப்ரல் 3, புதன்

பாய் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு நெருக்கமான பின்னலை சிட்னியில் யாரும் பார்த்ததில்லையாம். உலாமிளாவின் தங்கை ஒரு சோடி கேட்கிறாள். அத்தையிடம் சொன்னதுதான் தப்பு. விடிந்ததும் ஓலைக் கட்டோடு வந்து என் கூடத்தை முழுக்க அடைத்து உட்கார்ந்துவிட்டார். படம் எடுக்க வெளிச்சம் போதாது, குஞ்சத்துக்கு நீலம் எதற்கு, விலை சொல்லும்போது குழையாதே — ஒரே அதட்டல். தலை வலிக்கிறது. மூட்டையைக்கூட என்னைக் கட்ட விடமாட்டேன் என்கிறார்.

ஈஸ்டர் முடிந்துவிட்டதே; மத்தியானம் போன் அடித்தது. என் இரண்டு கையும் முகவரிச் சீட்டு ஒட்டிய பசை. அத்தை எடுத்தார்.

"யாரு? ஹோட்டலா? அவளால இப்ப பேச முடியாதுய்யா. வேலையில இருக்கா."

வைத்துவிட்டு மறுபடி ஓலையை எடுத்துக்கொண்டார். நான் திரும்ப அழைக்கவில்லை.