அப்பாவின் நூலகக் கார்டை நான் மூடியது

என் பெரிய கண்ணுக்கு,

நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய், இதை முழுவதும் படித்து முடிக்கும்வரை நீ எதையும் செய்துவிடக் கூடாது, அதற்காகத்தான். தங்கைக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதை எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு அக்கா வந்தால்தான் காட்டுவேன் என்கிறாள். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, அப்பா இருந்தால் அரை மணி நேர வேலை, இப்போது வாளி வைத்திருக்கிறேன். போன வாரம் நீ இருமிக்கொண்டே பேசினாய், டாக்டரைப் பார்த்தாயா இல்லையா?

சுற்றி வளைக்கிறேன், எனக்கே தெரிகிறது. அப்பா அந்தப் புத்தகத்தில் என்ன எழுதி வைத்தாரோ அதை அனுப்பும்மா என்று இரண்டு வாரமாகக் கேட்கிறாய். நெட் சரியில்லை என்றேன், அவர் போன் சார்ஜ் ஏறவில்லை என்றேன். எல்லாம் பொய். அது இல்லை கண்ணு, போய்விட்டது. நான்தான் தொலைத்தேன்.

டயாலிசிஸுக்கு உட்கார்ந்தால் நாலு மணி நேரம், இடது கை ஊசியில், ஒற்றைக் கையால் உன் தலையணைப் புத்தகத்தைப் பிடிக்க முடியுமா? அதனால்தான் நூலகத்து ஆப்பில் உன் கட்டடப் பொறியியல் பாடப் புத்தகத்தை இரவல் எடுத்தார், பாப்பா என்ன படிக்கிறான்னு எனக்கும் தெரியணும்ல என்று. மூன்று வாரம் ஆனால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வரிசையில் வேறு யாராவது இருந்தால் அவர்கள் முடித்த பிறகுதான் நமக்கு, அந்த நாட்களில் மனுஷன் இருப்புக்கொள்ளாமல் தவிப்பார். திரும்பக் கிடைத்ததும் கட்டைவிரலாலேயே ஓரத்தில் குறிப்பு எழுதுவார். உத்தரம் பற்றிய பாடத்தில், கணக்கு சரி, ஆனா இவரு நனைஞ்ச சுவத்தைத் தொட்டுப் பாத்ததில்ல போல, என்று எழுதி என்னிடம் காட்டினார். இருபது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் அல்லவா. ஒருநாள் எல்லாவற்றையும் உனக்கு அனுப்பப் பார்த்தார், நகலெடுக்க அனுமதி இல்லை என்று வந்தது, திரையைப் படம் பிடித்தால் வெறும் கறுப்பாக விழுந்தது. நான் எழுதினத நான் எடுக்கறதுக்கு அவன் பர்மிஷனா, சொந்த வீட்டுக்குள்ள போக குடித்தனக்காரன்கிட்ட சாவி கேக்கற கதையால்ல இருக்கு என்று நர்ஸிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நான் பக்கத்திலேயே என் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை வைத்து அவர் திரையை ஒரு படம் எடுத்திருக்கலாம். தோன்றவே இல்லை.

புத்தகம் பூட்டிக் கிடந்த ஒரு வாரத்தில்தான் அவர் போனார். பிறகு அவர் போனுக்குச் செய்தி வந்தது, நீங்கள் காத்திருந்த புத்தகம் தயார், மூன்று நாளுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எடுக்காவிட்டால் மறுபடி வரிசையில் போட்டு மறுபடி செய்தி. என்னால் தாங்க முடியவில்லை. பேங்க், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஒழுங்காக முடித்தவள் இதையும் முடிப்போம் என்று இறப்புச் சான்றிதழோடு நூலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு முறை கேட்டாள், கார்டோட சேர்ந்து எல்லாமே போயிடும், பரவாயில்லையா மேடம் என்று. வரிசையும் செய்தியும் போகும் என்றுதான் நினைத்தேன், மூடிடுங்க என்றேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே டிகிரி முடித்தவள், ஒரு கேள்வியைக் காதில் வாங்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள்தான் நீ கேட்டாய். ஆப்பைத் திறந்தால் இப்படி ஓர் உறுப்பினர் இல்லை என்றது. மறுபடி நூலகத்துக்கு ஓடினேன். புத்தகமே எங்களுது இல்ல மேடம், கம்பெனியோடது, நாங்க சாவி மட்டும்தான் தர்றோம், போனது போனதுதான் என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன், அவள்தான் தண்ணீர் கொடுத்து, வேற எந்த போன்லயாவது அந்தக் கார்டு நம்பரைப் போட்டிருந்தீங்களா என்று கேட்டாள்.

உன் கண்ணாடி உடைந்த பழைய போன். போன விடுமுறையில் அப்பா தன் கார்டை அதில் போட்டுக் கொடுத்தாரே. புத்தகம் திறக்காதாம், ஆனால் குறிப்புகள் தனிப் பக்கத்தில் தங்கியிருக்கலாமாம். இருக்கும் என்று அவள் உறுதி சொல்லவில்லை. நெட் கிடைத்த அடுத்த நிமிடம் அது கார்டைத் தேடும், கார்டு இல்லை என்று தெரிந்ததும் துடைத்துவிடும். அதனால் அதில் சிம் இருந்தால் கழற்று, ஹாஸ்டலில் திறக்காதே, அங்கே வைஃபை தானாக ஒட்டிக்கொள்ளும். தூரமாக ஒரு பூங்காவுக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ போய் உட்கார்ந்து திற. இருந்தாலும் நீ போனை மாற்றும்வரை எழுதியதுதான் இருக்கும், கடைசி மூன்று மாதம் எழுதியது எங்கேயும் இல்லை, அதற்கு என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி.

உனக்கு ஒரு குறையும் வராது, படிப்பு நல்லபடியாக முடியும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. இருமலுக்கு டாக்டரைப் பார். ஒன்றுமே இல்லை என்றால் அதை மறைக்காமல் சொல், திட்டவேண்டும் என்றால் திட்டு. இருந்தால் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதி எடு, அவர் எழுத்துப்பிழை விட்டிருந்தால் திருத்தாதே.

உன் அம்மா