அகலக் காலுக்கு ஒரு மலை ஷூ

ஆகஸ்ட் 7, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் கணுக்கால் அளவு தண்ணி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், செருப்பு கையில் இருக்கும்போதுதான் என் காலுக்கு நிம்மதி.

வாங்க வேண்டியது: சீரகம், பிரின்சிக்கு கிராஃப் நோட்டு, பிளாஸ்திரி.

லஞ்ச் முடிந்ததும் சாம்பிள் ரூம் பாஷா பாய் எங்கள் ஃபினிஷிங் லைனுக்கு வந்தார். "லேடீஸ்ல அகலக் கால் யாருக்கும்மா? முப்பத்தெட்டு சைஸ். மலை ஏறுற ஷூ, புது ஃபாரின் பையர் ஆர்டர்." எல்லார் காலும் ஸ்டூலுக்கு அடியில் போய்விட்டது. பக்கத்து ஸ்டூல் கோமதிதான் என் இடுப்பில் இடித்தாள். "இன்னாக்கா கம்முனு உக்காந்திருக்கே? போ!"

போனேன். பாய் முழித்தார். முழிக்காமல்? கல்யாணத்துக்கு முன் அதே ரூமில் நான்தான் சாம்பிள் கால். முப்பத்தேழு சைஸ், அச்சில் வார்த்த மாதிரி. புது மாடல் எது வந்தாலும் முதலில் என் காலில்தான் ஏறும். "ஸ்டெல்லாவக் கூப்பிடு" என்பார்கள். பிரின்சி பிறந்தாள், அப்புறம் சின்னவன். கால் நீண்டது, அகலமானது, பெருவிரல் மூட்டு வெளியே துருத்திக்கொண்டது. அதோடு சாம்பிள் ரூம் போச்சு. ஊர் முழுக்க ஷூ கம்பெனி, எனக்கு ரப்பர் செருப்பு.

"இத்தினி நாளா இந்தக் கால எங்க வச்சிருந்தே?" என்றார் பாய். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தோஷம். என் காலைப் பார்த்து ஒரு ஆள் சந்தோஷப்பட்டு எத்தனை வருஷம் ஆச்சு.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில். ஷூ ரெடி. காக்கி நிறம், சிவப்பு லேஸ்.

ஒரு வாரமாக பாய் என் காலுக்காக ஷூ அச்சுக் கட்டையோடு மல்லுக்கட்டினார். மூட்டு துருத்தும் இடத்தில் தோல் துண்டு ஒட்டி, தேய்த்து, அளந்து, மறுபடி ஒட்டி. இன்றைக்குப் போட்டுப் பார்த்தேன். கால் அதுபாட்டுக்கு உள்ளே போய்விட்டது. எங்கேயும் இடிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது, லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பாய் சொன்னது: "மலைல நடந்து பாரு. ஓகேன்னா ஜோடி உனக்கே. எங்கயாவது கடிச்சா மறைக்காத, சொல்லு. ரெண்டா அறுத்து உள்ள பாக்கணும்."

ஓகே ஆகணும் ஆண்டவரே. 31 ஞாயிறு லைன் பொம்பளைகள் எல்லாரும் ஏலகிரி. அங்கே இருக்கிற சுவாமிமலை உச்சிக்கு ஏறுவார்கள். வருஷா வருஷம் போகிறோம், வருஷா வருஷம் நான் அடிவாரத்தில் பை காவல். குரங்குகளோடு சண்டை. மேலே போனவர்கள் போட்டோ கொண்டுவந்து காட்டுவார்கள், நானும் "நல்லாருக்கு" என்பேன். இந்த வருஷம் நான் கீழே உட்காரமாட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. கோமதியும் நானும் மட்டும் பஸ் பிடித்து ஏலகிரி. ஷூவுக்கு டெஸ்ட்.

ஏறும்போது கல்லைப் பார்த்துக் கால் வைக்கத் தேவையே இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்! கோ. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, "யக்கா, மெல்ல போ, உன்ன யாரும் தொரத்தல." பாதி வழியில் மழை. உச்சி பார்க்காமலே திரும்ப வேண்டியதாகிவிட்டது.

இறங்கும்போது இடது சுண்டுவிரலில் லேசாகக் கடிக்க ஆரம்பித்தது. வீட்டில் கழற்றினால் கொப்புளம், சின்னது. தேங்காய் எண்ணெய்.

பிரின்சி: "ஷூ கடிச்சிருச்சாம்மா?"

"இல்லடி, லேசா" என்றேன். அது எந்த ஊர் பதிலோ.

ஓகே என்று சொல்லிவிட்டால் ஷூ எனக்கு. ரப்பர் செருப்பு செய்யாததா இது? ஒரு பிளாஸ்திரி ஒட்டினால் தீர்ந்தது. கடிக்குது என்றால் நாளைக்கே அறுத்துவிடுவார்கள், அப்புறம் 31ஆம் தேதி மறுபடி குரங்குதான் துணை. நல்லா நடந்தேனே இன்றைக்கு.

ஆகஸ்ட் 16, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன். எந்த நாட்டிலோ என்னை மாதிரி அகலக் கால்காரி ஒருத்தி, அவளும் எங்கேயோ பை காவலாகத்தான் இருந்திருப்பாள். இந்த ஷூவை வாங்கி, ஆசையாக மலை ஏறிவிட்டு, இறங்கும்போது நொண்டுவாள். ஓகே சொன்ன புண்ணியவதி நானாக இருப்பேன். மனசு வரவில்லை.

பாய் ஷூவை வாங்கிக்கொண்டார். மிஷினில் வைத்து அறுத்தார். சத்தம் கேட்க முடியாமல் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தால் சிவப்பு லேஸ் தனியாக, ஷூ இரண்டு துண்டாக. உள்ளே லைனிங் தையல் சரியாக என் சுண்டுவிரல் இடத்தில் மடிந்து தடித்திருந்தது. பாய் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை சொன்னேம்மா. ஆயிரக்கணக்குல ஜோடி இப்படியே போயிருக்கும்" என்றார்.

"31க்குள்ள வேற ஜோடி வருமா பாய்?"

"லெதர் வரணும். பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

கோ. திட்டித் தீர்த்தாள். "ஒரு கொப்புளத்துக்கா ஜோடிய குடுத்துட்டு வந்தே? பைத்தியமாக்கா நீ?" ஆமாம் போல. பாத்ரூமில் கொஞ்சம் அழுதேன்.

ஆகஸ்ட் 23, சனி

புழுக்கம். பாய் லீவாம். மேல்விஷாரத்தில் தங்கச்சி பொண்ணு நிக்காஹ். சாம்பிள் ரூம் பூட்டு.

கேஸ் புக் பண்ணணும். சின்னவனுக்கு சளி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வந்துவிட்டது!

சாயங்காலம் பாய் தானே லைனுக்குக் கொண்டுவந்து என் ஸ்டூலில் வைத்தார். தையலை விரலுக்கு மேலே தள்ளிவிட்டாராம். லேஸ் மட்டும் பழசு, அதே சிவப்பு. "கல்யாண வீட்டுலயும் உன் சுண்டுவிரல்தாம்மா ஞாபகம்" என்றார். தேங்க்ஸ் பாய் என்றேன். போதாது.

வீட்டில் மாடிப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி. வீட்டுக்காரர்: "படி தேயப்போவுது, பாத்து."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் மேகம், அப்புறம் நல்ல வெயில். வேனில் லைன் முழுக்க. பாட்டு, சத்தம், இரண்டு பேருக்கு வாந்தி.

உச்சி பார்த்துவிட்டேன். போட்டோவில் காற்று தெரியாது. அங்கே புடவையையே பிடுங்குகிறது. கீழே ஏரி ஒரு கிண்ணம் அளவுக்கு. பாறையில் உட்கார்ந்து காலை நீட்டி, ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்க்கு, பிரின்சிக்கு, சின்னவனுக்கு, இந்த மூட்டுக்கும்கூட ஸ்தோத்திரம். மனசு நிறைந்து போச்சு.

அப்போதுதான் கோ. திடீரென்று, "யக்கா... கீழ பைய யார் பாத்துக்கறா?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பழக்க தோஷம். அத்தனை பேரும் வழக்கம்போல அடிவாரத்தில் பையைப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார்கள். நானும்தான்.

விழுந்தடித்து இறங்கினோம். பிரியாணிப் பொட்டலம் ஒன்று பாக்கி இல்லை. தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காயை மட்டும் வேண்டாம் என்று குரங்குகள் விட்டுவைத்திருந்தன. வேன் முழுக்க வீடு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

பசி உயிர் போகிறது. கால் எங்கேயும் கடிக்கவில்லை.