கரடி இல்லாத ஓடைப்பாதை

என் கோமு அக்காவுக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்தில் முட்டிவலி கிடையாது என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஒருவேளை இருந்தால் சொல்லிவிடு, அந்த ஊர் நிர்வாகத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். சங்கரன்கோவிலில் என் பேச்சுக்கு விசைத்தறியே ஒரு நிமிஷம் நின்று காது கொடுக்கும். அங்கே மட்டும் எடுபடாமலா போகும்?

போன வருஷம் நீ போன துக்கத்தால் நம் வீட்டில் பொங்கல் இல்லை. இந்த வருஷம் உன் மகள் செல்வி மாப்பிள்ளையோடும் மகளோடும் வந்தாள். கூடவே மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள். காணும் பொங்கலுக்கு மலையடிவாரம் போயே ஆக வேண்டும், அம்மா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்றாள். அத்தான் மட்டும் வரவில்லை. நீங்க போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். டிவி ஓடவில்லை.

இத்தனை வருஷம் அந்தப் பயணத்துக்குத் தளபதி நான். ராயகிரி தாண்டி, தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் வேன் நிற்கும். அங்கிருந்து ஓடைக்கரையோடு ஒரு பாதை மேலே புல்வெளிக்குப் போகும். தலையில் துண்டு, கையில் வேப்பங்கம்பு, பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். தேசம் பிடிக்கக் கிளம்பிய ராஜாக்களுக்குக்கூட அந்த நடை வாய்த்திருக்காது. நீயோ கீழே ஓடையோரம் புளியோதரைச் சட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாய். துணைக்கு அத்தான்.

முதல் வருஷம் உனக்கு முட்டி வீங்கியிருந்தது. பாதை மோசம், நீ கீழேயே இரு என்றேன். அது அக்கறை, சத்தியமாக அக்கறைதான். சாயங்காலம் இறங்கி வந்ததும், மேலே என்னலே இருந்துச்சு என்று ஆசையாகக் கேட்டாய். அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். நம் கோவில் ராஜகோபுரம் உயரத்துக்கு ஒரு பாறை, அதில் ஆலம்விழுதைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும் என்றேன். நண்டு அளவு தேள் என்றேன். ஒரு பாம்பு பாதையைக் கடந்து முடிப்பதற்குள் நாங்கள் ஒரு பொட்டலம் முறுக்கைத் தின்று முடித்தோம் என்றேன். நீ வாயில் கை வைத்தாய். அதைப் பார்த்த குஷியில் ஒரு கரடியையும் இறக்கிவிட்டேன்.

அடுத்த வருஷம் உன் முட்டி நன்றாக இருந்தது. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். ஆனால் ஒரு தடவை வந்த கரடியை எப்படி அக்கா திருப்பி அனுப்புவது? நீ மேலே வந்தால் என் கோபுரம் சரிந்துவிடும். அதுமட்டுமில்லை. நீ வந்தால் மரத்துக்கு மரம் நின்று பேர் கேட்பாய், வெயில் ஏறிவிடும். சட்டியைக் குரங்கிடமிருந்து காக்கவும் ஆள் வேண்டும். இதையெல்லாம் அன்று நினைத்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

உனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒரு வருஷம், மேலேயிருந்து ஆட்டுமந்தை இறங்கி வந்ததைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"ஏலே சங்கரா, இந்த ஆடெல்லாம் அங்கன இருந்துதான வருது? கெழவரு வேற கம்பை ஊனிக்கிட்டு வாராரு."

"அது மலையாடுக்கா. பொறக்கும்போதே கொளம்புல கொக்கியோட பொறக்கும்."

"அந்தக் கெழவருக்கு?"

"அவரு அந்த ஆட்டுப்பால குடிச்சு வளந்தவரு."

சிரித்தாய். நீ நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. பிள்ளைகளையும் என் படையில் சேர்த்திருந்தேன். அப்போது எட்டாம் வகுப்புப் படித்த செல்விதான் கெட்டிக்காரி. கையில் முள் கிழித்ததைக் கரடி நகம் என்று உன்னிடமே காட்டினாள்.

இப்போது நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் கோவிலுக்குப் போனேன். வாசலில் உப்பு, மிளகு, நேர்ச்சைக்குப் போடுகிற உருவத் தகடு விற்கிற அம்மா என்னை நிறுத்தி, அக்காவை ரெண்டு வருஷமாகக் காணவில்லையே என்று கேட்டார். நீ போய்விட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மிளகைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார்.

"பொங்கலுக்கு முந்துன நாள் தவறாம வருவாக அண்ணாச்சி. தம்பி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறான்னு பாம்புத் தகடு ஒண்ணு, தேளுத் தகடு ஒண்ணு வாங்குவாக. கரடி இருக்கான்னு வருஷா வருஷம் கேப்பாக. கை, காலு, கண்ணு எல்லாம் இருக்கு. கரடிக்கு நான் எங்க போவேன்? அப்புறம் இன்னொரு பாம்பை எடுத்துக்கிட்டு, கரடிக்குப் பதிலா ஆத்தா இத வச்சுக்கிடட்டும்னு சொல்லி உண்டியல்ல போடுவாக."

விஷப்பூச்சி பயத்துக்குத் தகடு வாங்கிப் போடுவது நம் ஊரில் பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம்தான். என் வாயில் பிறந்த பூச்சிகளுக்கும் ஒருத்தி போட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் இறங்கி வருகிறவரை நீ ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டாய். மரியாதைக்குக் காத்திருக்கிறாய் என்று நினைத்தேன். இலையை நான் விரித்த பிறகுதான் உன் முகத்துக்கு ரத்தம் வரும். அதையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

காணும் பொங்கலன்று அடிவாரத்தில் வேன் நின்றது. செல்வியின் மாமியார் என்னிடம் வந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு முட்டி ஆபரேஷன் பண்ணிருக்கு. மேல ஏற முடியுமா? உள்ளதச் சொல்லுங்க."

பின்னால் நின்ற செல்வி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் மகள் கரடிக்காக வாயைப் பிளந்து நின்றாள். கரடியும் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அக்கா. பழக்கம்.

"ஏறலாம் மைனி," என்றேன். "மெதுவாப் போனா முக்கா மணி நேரம். ரெண்டு எடத்துல கையப் பிடிச்சுக்கிடணும். வேற ஒண்ணுமில்ல."

செல்வியின் சிரிப்பு அப்படியே நின்றது. முதல் திருப்பத்தில் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அப்ப அம்மாவும் ஏறிருக்கலாம்லா?"

தகடு விஷயத்தைச் சொன்னேன். மாமியாரைக் கை கொடுத்து ஏற்றிவிட்டு வந்தாள். பிறகு, நானும் நகக்கீறல் என்று கையைக் காட்டினேனே மாமா என்றாள். நீ சின்னப்பிள்ளை, நான் சொல்லித்தானே செய்தாய் என்றேன். உன் பேத்திக்கு ஒரே ஏமாற்றம். கரடி எங்கே தாத்தா என்று இறங்குகிறவரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

நீ கேட்டதுக்கு இப்போதாவது பதில் சொல்லுகிறேன். பாதை ஒரு மாடு போகிற அகலம். இடதுகைப் பக்கம் ஓடை, கணுக்கால் அளவு தண்ணீர். கரையெல்லாம் நாவலும் மருதமும் புங்கையும், அதனால் பாதி தூரத்துக்கு வெயில் விழாது. ஓரிடத்தில் வேர்களே படிக்கட்டு மாதிரி இருக்கும். அங்கே ஒருவர் கை கொடுத்தால் போதும். அப்புறம் சறுக்கலாக ஒரு பாறை, உயரம் என் இடுப்பளவு, சுற்றியும் போகலாம். அதைத் தாண்டினால் புல். தை மாதத்தில் அது பாதி பச்சை, பாதி மஞ்சள். காற்று அடித்தால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும். அங்கிருந்து பார்த்தால் தோப்பு, கண்மாய், தூரத்தில் காற்றாலைகள். நம் கோவில் கோபுரமும் தெரியும் என்று எழுதக் கை துடிக்கிறது. தெரியாது.

இவ்வளவுதான் அக்கா. செல்வியின் மாமியார் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள், பிறகு ஏறிவிட்டார்கள். நீ இரண்டு இடத்தில்தான் உட்கார்ந்திருப்பாய்.

இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். நீ தனியாக இருப்பாயே என்று ஒரு வருஷம்கூட மேலே ஏறாமல் உன் பக்கத்திலேயே இருந்தவர். அத்தான் இன்னமும் எல்லாவற்றையும் நம்புகிறார். போன வாரம் டீக்கடையில் என்னைக் காட்டி, எங்க மச்சினன் கரடிகிட்ட இருந்து பிள்ளைகளைக் காப்பாத்துன ஆளு என்று யாரிடமோ சொன்னார். நான் பன்னைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் அவரிடம் சொல்லுவேன். உட்காரும் முன்னாலேயே சொல்லிவிடுவேன். உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் பேச்சு எங்கேயாவது போய்விடும், என்னை எனக்குத் தெரியும். அவர் வெளியே போ என்றால் போவேன். வா, மேலே ஏறிப் பார்க்கலாம் என்றால் அன்றைக்கே வண்டி பிடிப்பேன். அவர் எத்தனை இடத்தில் உட்கார்ந்தாலும் நானும் உட்காருவேன். கீழே இனி யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னைப் பசியோடு உட்கார வைத்த தம்பி,
சங்கரன்